உப்பு மாமா ஒயின் படித்த கதை

சென்னையில் ஒயினைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்துங்கள். எதிரே உப்பு மாமா ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். ஜெயிப்பது மாமாதான். இத்தனைக்கும் ஒரு சொட்டு ஒயினைக்கூட நாக்கில் வைக்காமல் ஆறு வருஷம் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஒயின் பரிமாறியவர் அவர். இப்படி இன்னொரு ஆசாமி உலகத்தில் எங்கேயாவது இருந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இருக்க மாட்டார்.

மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஓட்டலின் பெயர் வேண்டாம். நான் அங்கே விருந்து புக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாண ரிசப்ஷன், அறுபதாம் கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமா எங்கள் சைவச் சமையல் கூடத்துக்கு மேற்பார்வை. அதற்கு முன்னால் இருபது வருஷம் கல்யாணச் சமையலில் இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

உப்பு மாமா என்று பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் தொழில் கற்ற இடத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. விருந்தாளி இலையில் உட்கார்ந்து வாயில் வைப்பதற்கு முன்னால், சமைக்கிறவனோ பரிமாறுகிறவனோ ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் அண்டா முழுக்க எச்சில். அப்படியானால் உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? மூக்குதான். மாமா சாம்பார் அண்டாவின் மூடியைத் தூக்கி, எழும்புகிற ஆவியை உள்ளங்கையால் முகத்துக்கு நேரே இரண்டு விசிறு விசிறுவார். "ஒரு கை உப்பு போடு" என்பார். அதோடு சரி. கரண்டியும் கையுமாக நக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வடக்கத்தி செஃப் ஒருவர் முதலில் சிரித்தார். ஒரு மாதம் கழித்து அவரே தன்னுடைய பருப்பை மாமாவிடம் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் இடி விழுந்தது. சைவ விருந்துகளை இனிமேல் வெளி கேட்டரிங்காரர்களிடம் விட்டுவிடுவது என்று மேலிடம் முடிவு செய்தது. மொட்டை மாடியில் புதிதாக ஒரு ரெஸ்டாரண்ட் வரப்போகிறது, அங்கே ஒயின் உண்டு, பயிற்சியில் தேறுகிறவர்களுக்கு அங்கே வேலை, தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். அவகாசம் மூன்று மாதம். மாமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் எந்த ஓட்டலில் போய் மூக்கைக் காட்டி வேலை கேட்பார்?

என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, இந்த ஒயினைக் குடிக்காம கத்துக்க முடியுமோ?"

"குடிச்சே கத்துக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது மாமா. என்னையும் அந்த வகுப்புல போட்டிருக்காங்க."

உண்மைதான். விருந்து புக்கிங்கில் இருக்கிறவளுக்கும் ஒயின் தெரிந்திருக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. அந்த வெள்ளை வெள்ளையாக இருக்காது, மஞ்சளாக இருக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நம் ஊர் 'ஒயின் ஷாப்'பில் எல்லாம் கிடைக்கும், ஒயினைத் தவிர. பிறகு எங்கிருந்து அறிவு வரும்?

பாடம் சொல்ல பெங்களூரிலிருந்து ஒரு தமிழர் வந்தார். கழுத்தில் பட்டுத் துணி, பேச்சில் பாதி பிரெஞ்சு. கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு வாய் உறிஞ்சினார், கடகடவென்று கொப்பளித்தார், பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார். அந்த நிமிஷமே அவருக்குக் கொப்பளி சார் என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தவன் அந்தோணி. பட்டினப்பாக்கத்துப் பையன் என்று சொல்லிக்கொள்வான், வயசு நாற்பது. எங்கள் பாரில் பதினைந்து வருஷம் கிளாஸ் துடைத்தவன். அவனுக்கும் இதே கெடுதான்.

மாமா கையைத் தூக்கினார்.

"சார், ஒரு சந்தேகம். துப்பறதுக்கு எதுக்கு வாயில விட்டுக்கணும்?"

கொப்பளி சார் வாளியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசரமாக அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

எனக்கு வேறு பிரச்சினை. நாலு பேர் பார்க்க, அதுவும் ஒரு பொம்பளை, வாளியில் எப்படித் துப்புவது? சீ! மரியாதையாக எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். எட்டு வகை. அன்று சாயங்காலம் அடையாறில் இறங்க வேண்டியவள் திருவான்மியூர் டெர்மினஸ் வரை போய், பஸ் காலியான பிறகும் இறங்காமல், கண்டக்டரிடம் "இந்த பஸ் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். மறுநாளிலிருந்து கைக்குட்டையில் துப்பினேன். பதினைந்து கைக்குட்டை பாழ்.

மாமாவின் சங்கடம் இன்னும் பெரியது. கிளாஸுக்குள் மூக்கை விடு என்றால் விட மாட்டேன் என்கிறார். அடுத்தவர் குடிக்கிற பாத்திரத்தில் நம் மூச்சு படலாமா? கிளாஸை ஒரு முழம் தள்ளி வைத்து, சாம்பாருக்குச் செய்வதுபோல் கையால் விசிறினார். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? ஆவி பறக்கிற பண்டமா அது?

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நடைவழி முழுக்க ஒரு வாசனை. கல்யாண வீடும் மருந்துக் கடையும் கலந்த மாதிரி. கொப்பளி சார் சாப்பிட்ட கையோடு மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நாங்கள். சமையல் கூடத்தில் மாமா சாவகாசமாக நின்றுகொண்டிருக்கிறார். அடுப்பில் வாணலி. வாணலியில், கொப்பளி சார் கடைசி வகுப்புக்கென்று பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சிவப்பு ஒயின்.

"என் ஒயினைச் சமைக்கறீங்களா!" என்று அலறினார்.

"பதறாதேங்கோ சார். கொதிக்க விடலை. ஆவி வர அளவுக்குத்தான்."

"இன்னா மாமா, ரசமா?" என்று எட்டிப் பார்த்தான் அந்தோணி.

மாமா யாரையும் கண்டுகொள்ளவில்லை. ஆவியை இரண்டு விசிறு விசிறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நாவப்பழம் இருக்கு. கிராம்பு இருக்கு. ஏதோ கட்டை வாசனை, சந்தனம் இல்லை, புதுப் பென்சில் சீவினா வருமே அது. கடைசியில கொஞ்சம் ஈர மண்." கண்ணைத் திறந்தார். "ஒரு சிட்டிகை உப்பு போட்டா எடுப்பா இருக்கும்."

கொப்பளி சார் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கறுப்புப் பழம், கிராம்பு, தேவதாரு மரம், மண் என்று அச்சாகியிருந்தது. திட்டுவதற்காகத் திறந்த வாயால் "நாலும் சரி" என்றார். அன்றைக்கு முதல் முறையாக மாமாவுக்கு முகத்தில் களை வந்தது.

சூடு பண்ணாத ஒயினிலிருந்து வாசனையை எப்படிக் கிளப்புவது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கிளாஸை மூடிச் சுழற்ற வேண்டும், திறந்தவுடன் விசிற வேண்டும், மூக்கு உள்ளே போக வேண்டாம். மாமா உற்சாகமாகக் கற்றுக்கொண்டார். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் நோட்டைப் பார்த்த கொப்பளி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தாலி ஒயினா, "வாழை இலை வாசனை." பிரான்ஸா, "வாழை இலை." நாசிக்கா, "நல்ல வாழை இலை." எந்த ஊரில் ஐயா திராட்சைத் தோட்டத்தில் வாழை போடுகிறான் என்று மனிதர் குழம்பிப் போனார். நான்தான் போய்ப் பார்த்தேன். மாமா கிளாஸை மூடியதே வாழை இலைத் துண்டால்!

"மாமா! இலை வாசனைதான வரும்?"

"பரிமாறற பண்டத்தை வேற எதால மூடறது?"

ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிக் கொடுத்தேன். உலகத்து ஒயின்களை விட்டு வாழைத் தோப்பு ஒழிந்தது.

அடுத்தது புத்தகத்தில் இருந்த வாசனைகள். தோல், புகையிலை, காட்டு நெல்லி, இன்னும் நாங்கள் கண்ணால் பார்க்காத பழங்கள். "தெரியாத சாமானை எப்படிம்மா பேர் சொல்லி அடையாளம் காட்டறது? போய் மோந்து பாத்துண்டு வரலாம், வா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். மயிலாப்பூர் குளத்தருகே நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம், சித்தரத்தை. பழக் கடையில் நாவல், கொடுக்காப்புளி. பிறகு தி.நகர் ரங்கநாதன் தெரு, செருப்புக் கடை. மாமா ஒவ்வொரு செருப்பாக எடுத்தார், கண்ணை மூடினார், முகர்ந்தார், நோட்டில் எழுதினார். எட்டாவது ஜோடியில் கடைக்காரர் எழுந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

"என்ன அண்ணாச்சி, செருப்பப் போயி மோந்து பாக்கீய? காலுக்கா, கொழம்புக்கா?"

"பரீட்சைக்குப் படிச்சிண்டிருக்கேன்" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு இரக்கம். கூட வந்த மகள் என்று நினைத்திருப்பார். மானம் போனாலும் போகட்டும் என்று நானும் ஒரு செருப்பை எடுத்து முகர்ந்தேன். அந்த வாசனையை இன்றைக்கும் ஒயினில் என்னால் கண்டுபிடிக்க முடியும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது மாதம் மாமி எனக்கு போன் செய்தார். மாமாவின் மனைவி.

"ஏம்மா, மறைக்காம சொல்லு. எங்காத்துக்காரர் குடிக்கறாரா?"

"ஐயோ, இல்ல மாமி!"

"சட்டையைத் துவைக்கப் போட்டா பையில பதினோரு கார்க்கு. ஆத்துக்கு வந்தா கண்ணை மூடிண்டு எல்லாத்தையும் மோந்து பாக்கறார். நேத்திக்கு என் பட்டுப் புடவை பீரோவைத் திறந்து வச்சுண்டு 'ஆஹா, இது பழைய ஒயின்'ங்கறார்."

"அவர் குடிக்கறதில்ல மாமி. வாசனை மட்டும்தான் பாக்கறார். வேலைக்காக."

"குடிக்காம வாசனை மட்டும் பாக்கறவா லோகத்துல உண்டா?"

உண்டு, உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று சொல்லி நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்குள் பரிமாறும் ஒத்திகை வந்தது. பெரிய மேனேஜரே விருந்தாளியாக வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். மாமா முதலில் கொண்டுவந்தது தித்திப்பு ஒயின். அது கடைசியில் வர வேண்டியது என்று கொப்பளி சார் கிசுகிசுத்தார். "இலையில முதல்ல தித்திப்பு போடாம வேற எதைப் போடுவா?" என்றார் மாமா. சரி போகட்டும் என்று சிவப்பு ஒயினை எடுக்கச் சொன்னார்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்ற வேண்டும் என்பது பாடம். மாமாவுக்கு மனசு வருமா? பாதி காலியான கிளாஸைப் பார்த்தால் பரிமாறுகிறவனுக்கல்லவா கேவலம்! விளிம்பு வரை நிரப்பினார். மேனேஜர் இரண்டு வாய் குடித்தார், மாமா மறுபடி நிரப்பினார். "போதும்" என்றார் மேனேஜர். பந்தியில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். மாமா நிரப்பினார். மேனேஜர் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். இலையைக் கையால் மறைக்கிறவர்களை மாமா ஆயிரக்கணக்கில் பார்த்தவர். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அன்பாகச் சொல்லி, விரல் இடுக்கு வழியாக ஊற்றினார்.

வெள்ளைச் சட்டைக் கை முழங்கை வரை சிவந்தது. மேனேஜர் எழுந்து போனார். மாமா பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போச்சும்மா. என் வேலை போச்சு" என்றார் என்னிடம். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அந்த மேனேஜர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஒரு சட்டைதானே ஐயா!

கடைசிப் பரீட்சை மார்கழிக் குளிரில் நடந்தது. உள்ளே என்ன நிறம் என்று தெரியாத ஆறு கறுப்புக் கிளாஸ். மூக்குக்கு ஐம்பது மார்க், நாக்குக்கு ஐம்பது. தேற அறுபது வேண்டும். கொப்பளி சாருக்கு எங்கள் ஊர் ஏசி ஒத்துக்கொள்ளாமல் பயங்கர ஜலதோஷம். ஆனால் ஒப்புக்கொள்வாரா? கழுத்துத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, மறுநாள் திறப்பு விழாவுக்கான ஒயினைக் காலையில்தான் ருசி பார்த்து "பிரமாதம்" என்று சொல்லியிருந்தார். அதில் ஒரு பாட்டில்தான் ஆறாவது கிளாஸில் இருந்தது.

மாமா தட்டை எடுத்தார், விசிறினார், எழுதினார். நாக்குக்கான கட்டங்கள் எல்லாம் காலி.

"ஒரே ஒரு வாய் வைங்க மாமா. அதுக்கப்புறம் துப்பிடுங்க. வேலை போயிடும்" என்று நான் கெஞ்சினேன்.

"நாளைக்கு இதைப் பரிமாறப் போறவன் நான்தானேம்மா? அவா குடிக்கறதுக்கு முன்னாடி நான் எப்படி வாய் வைப்பேன்?"

சாமி, ஆசாரம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மார்க் வந்தது. மாமாவுக்கு மூக்கில் ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு, நாக்கில் பூஜ்யம். அந்தோணிக்கு நாக்கில் நாற்பது, மூக்கில் ஐந்து. பிறந்ததிலிருந்து சைனஸ் அவனுக்கு. இரண்டு பேரும் ஃபெயில். நான் சிவப்பை வெள்ளை என்று எழுதி முப்பத்தொன்று வாங்கினேன். என் வேலை அதை நம்பி இல்லை.

"ஆறாவது கிளாஸ்ல ரெண்டு பேரும் தப்பு. அது கெட்டுப்போன ஒயின்னு எழுதியிருக்காங்க" என்று சிரித்தார் கொப்பளி சார், தும்மலுக்கு நடுவில்.

"ஈரத்துல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை சார். மழைக்காலத்துல காயாத துணி மாதிரி" என்றார் மாமா, மெதுவாக.

"வாயில வச்சா சப்புன்னு கீது சார். உசிரே இல்ல" என்றான் அந்தோணி.

எனக்குள் எங்கிருந்தோ வந்தது வேகம். எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், ஒருத்தர் மூக்கால சொல்றார், ஒருத்தர் நாக்கால சொல்றார். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கவும் இல்ல. மூக்கு, நாக்கு ரெண்டும் உள்ளவங்க யாராவது ஒரு தடவை பாத்துடலாமே?"

மார்க்கைத் தெரிந்துகொள்ள வந்திருந்த பெரிய மேனேஜர் கிளாஸை எடுத்து முகர்ந்தார். அதே ஒயினில் இன்னொரு பாட்டிலைத் திறக்கச் சொல்லி அதையும் முகர்ந்தார். கார்க்கில் வந்த கோளாறு. திறந்து பார்த்த இருபது பாட்டிலில் ஐந்து அப்படித்தான் இருந்தன. மறுநாள் திறப்பு விழாவில் ஊரின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஈர அட்டைப்பெட்டி பரிமாறியிருப்போம்.

"இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள்" என்றார் மேனேஜர். "சேர்த்தே போடுங்க மாடியில. ஆனா பாட்டிலைப் பிடிக்கறப்ப என் பக்கத்துல மட்டும் அவர் வர வேணாம்."

மாமா என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன், பெரியவங்க கும்பிடலாமா என்று.

அப்புறம் ஆறு வருஷம் மொட்டை மாடி ரெஸ்டாரண்டில் அந்த ஜோடிதான். பாட்டில் திறந்ததும் மாமா விசிறுவார், அந்தோணி ஒரு மிடறு குடிப்பான், இருவரும் தலையாட்டினால்தான் மேஜைக்குப் போகும். அந்தோணி எச்சில் பண்ணலாம், அது அவன் உத்தியோகம் என்று மாமா ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்திருந்தார். "இது கஸ்தூரி மஞ்சள் வாசனை", "இது புதுப் புடவை பிரிக்கிற வாசனை" என்று அவர் சொல்வதைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். நான் நடுவில் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போன வருஷம் மாமா ஓய்வு பெற்றார். மத்தியானம் அதே மாடியில் ஒரு சின்ன விருந்து. என்னையும் கூப்பிட்டார்கள். மாமியும் வந்திருந்தார். மாமாவுக்கு நாற்காலியில் உட்காரவே தெரியவில்லை. தோளில் துண்டு இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தார். அந்தோணி பாட்டிலோடு வந்து நின்றான்.

"மாமா, இன்னிக்கு நீ கெஸ்டு. பரிமாறுறவன் நானு. உன் வாயிலதான் மொத மொத படப்போவுது. இன்னிக்கு இன்னா சொல்லித் தப்பிப்ப?"

மாமா மாமியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறேள்? ஆறு வருஷமா மோந்தாச்சு. ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்கோளேன். அப்படி என்னதான் இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார் மாமி.

மாமா கிளாஸை எடுத்தார். விசிறினார், புன்னகை செய்தார். பிறகு தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல், உயரத்திலிருந்து ஒரு வாய் விட்டுக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. விழுங்கினார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வேப்பெண்ணெய் குடித்த குழந்தை கெட்டது போங்கள்.

"இதுவா?" என்றார். "இதையா நான் ஆறு வருஷமா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு எல்லாருக்கும் ஊத்தினேன்? வாசனையில ஒரு கல்யாணமே இருக்கு. நாக்குல வச்சா மாதுளந்தோல் கஷாயம்னா இருக்கு!" கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம், ஒருத்தராவது முகத்தைச் சுளிச்சாளோ? எனக்காகப் பொறுத்துண்டு குடிச்சிருக்கா. எவ்வளவு நல்ல மனுஷா!"

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அந்தோணியின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, மேஜைத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் உக்காருங்கோ" என்று வரிசையாகப் பரிமாற ஆரம்பித்தார். என்னிடம் வந்தார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவைகூட நான் அவரிடம் சொன்னதில்லை. அப்போதும் சொல்ல வரவில்லை. "போதும் மாமா" என்று கிளாஸைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்றபடி விரல் இடுக்கில் ஊற்றினார்.

என் மாம்பழ நிறப் புடவையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. நான் அதைச் சலவைக்குப் போடவில்லை.